பாத்ரூம் மார்பிள் மேடைக் கறையும் நான் பட்ட பாடும்

எங்க வீடு மன்னார்குடிக்குப் பக்கத்துல. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரு, அவரு அனுப்பின காசுல 2019ல கட்டின வீடு. எல்லா இடத்துலயும் சிக்கனமா டைல்ஸ்தான் போட்டோம், ஆனா பாத்ரூம்ல வாஷ்பேசின் உக்கார மேடைக்கு மட்டும் வெள்ளை மார்பிள் வேணும்னு நான்தான் ஆசப்பட்டுக் கேட்டேன். நாலடிக்கு ரெண்டடி. கல்லு, கட்டிங், ஓரம் உருட்டுறது எல்லாம் சேத்து 9,000 ரூபா ஆச்சு. போட்ட புதுசுல அதுல ட்யூப்லைட் அப்டியே தெரியும், அவ்ளோ பளபளப்பு. அந்தக் கல்ல நானே என் கையால கெடுத்தேன், கெடுத்ததோட விடாம ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தேன். யாராவது ஒருத்தர் முன்னாடியே ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது, அதனாலதான் நடந்தத ஒண்ணு விடாம எழுதுறேன்.

அஞ்சு வருஷத்துல மேடையில நாலு விதமான கறை வந்துடுச்சு. குழாய்க்கு நேர் கீழ ஒரு உள்ளங்கை அகலத்துக்கு காவி ஏறிடுச்சு, ஏன்னா எங்க போர்த்தண்ணி அப்படி, பிடிக்கிறப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், ராத்திரி வாளியில வச்சிட்டு காலைல பாத்தா அடியில செம்மண் கரைச்ச மாதிரி நிக்கும். பாமணி ஆத்துல தண்ணி ஓடுற மாசத்துல கொஞ்சம் பரவால்ல, கோடையில ரொம்ப மோசம். ரெண்டாவது, பேசினச் சுத்தி வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சு கல்லு மாதிரி இறுகிப்போச்சு. மூணாவது, எங்க அத்தை தினமும் கிழங்கு மஞ்சள் உரசி பூசிக்குவாங்க, அந்தக் கிழங்க ஈரத்தோட மேடை மூலையிலதான் வைப்பாங்க, அங்க மஞ்சளும் சிகப்பும் கலந்து ஒரு திட்டு. நாலாவது, வீட்டுக்காரரு லீவுக்கு வந்தப்ப வச்சிட்டுப் போன ஷேவிங் நுரை டப்பா, அதோட அடி துருப்பிடிச்சு வட்டமா ஒரு அச்சு. இந்த நாலும் நாலு தனித்தனி கறை, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேறங்கறது அப்ப எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் அழுக்குங்கற ஒரே பேர்ல வச்சுப் பாத்தேன், எல்லாத் தப்பும் அங்கதான் ஆரம்பிச்சுது.

போன வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு அவரு ஊருக்கு வர்றேன்னாரு. எங்க ஊருல ராஜகோபாலசாமி கோயில் பங்குனி உற்சவம் 18 நாள் நடக்கும், வெளிநாட்டுல இருக்கறவங்க பாதிப் பேரு அதுக்குன்னே லீவு போட்டு வருவாங்க. அவரு வர்றதுக்குள்ள மேடைய புதுசு மாதிரி ஆக்கிடணும்னு எனக்கு ஒரு வேகம். முதல்ல பாத்திரம் விளக்குற பவுடரும் பச்சை நாரும் போட்டு தேய் தேய்னு தேச்சேன், கறை அசையல, ஆனா வெளிச்சத்துல சாஞ்சு பாத்தா மயிரிழை மயிரிழையா கீறல். அப்புறம் பித்தளைக் குடத்துக்குப் புளி போடுற மாதிரி இதுக்கும் போட்டா என்னன்னு தோணுச்சு. ஒரு எலுமிச்சை அளவு புளிய ஊறவச்சு காவி மேல அப்பி அரைமணி நேரம் விட்டேன். காவி லேசா குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல. தண்ணி காஞ்சதும் பாத்தா புளி இருந்த இடம் மட்டும் மங்கிப்போய், விரல வச்சா சொரசொரன்னு இருந்துச்சு. சோப்பு சரியாப் போகல போலன்னு நினைச்சு இன்னொரு தடவை புளி போட்டேன். அங்கயே நிறுத்தியிருக்கணும்.

உற்சவத்துல வெண்ணெய்த்தாழி நாள் அன்னிக்கு அத்தையும் பிள்ளைங்களும் காலைலயே கோயிலுக்குப் போயிட்டாங்க. வீட்டுல நான் மட்டும். தெருவுல ஆசிட், பினாயில்னு கூவிட்டு வண்டியில ஒருத்தர் வருவாரு, அவர்கிட்ட 60 ரூபாக்கு ஒரு பாட்டில் ஆசிட் வாங்கினேன். பழைய தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரு, லேபிள் கிடையாது. மேடை பூரா ஊத்தினேன். ஊத்தின உடனே சுர்ருனு நுரை பொங்குச்சு பாருங்க, ஆஹா அழுக்கெல்லாம் கிளம்புதுடான்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அந்த நுரை அழுக்குல இருந்து வரல, என் கல்லு கரைஞ்சு வந்த நுரை அது. மார்பிள்ங்கறது கால்சியம் கார்பனேட், இறுகின சுண்ணாம்புக்கல்லுதான். நம்ம வேதாரண்யம் பக்கம் சுண்ணாம்பு சுடுற கிளிஞ்சல் இருக்கு பாருங்க, அதுவும் இதுவும் ஒரே சரக்கு. கிளிஞ்சல் மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சா பொங்கும்ல, அதேதான் இங்கயும். ஆசிட் பட்டா கல்லு கரைஞ்சு கார்பன் டை ஆக்சைடா பொங்கி வெளிய போயிடும். டாய்லெட் கழுவுற ஆசிட் மட்டும் இல்ல, புளி, எலுமிச்சை, வினிகர், தயிர் எல்லாமே மெதுவா இதைத்தான் செய்யும். எங்க அத்தை 60 வருஷமா வெத்தலை போடுறவங்க, பின்னாடி நான் இதைச் சொன்னதும் "இது எனக்குத் தெரியுமேம்மா, அந்தக் கல்லும் சுண்ணாம்புன்னு யாரு சொன்னா எனக்கு"ன்னாங்க.

நுரை அடங்கினதும் காவி இன்னும் லேசா தெரிஞ்சுது. எனக்கு ஆத்திரம். துணிக்குப் போடுற பிளீச் அரை பாட்டில் இருந்துச்சு, ஆசிட்டக் கழுவாமயே அதுக்கு மேல அதை ஊத்திட்டேன். இதை மட்டும் யாரும் செய்யவே செய்யாதீங்க. ஊத்தின அடுத்த நொடி மூக்குல ஊசி குத்தின மாதிரி ஒரு நெடி, நீச்சல் குளத்துல வர்ற வாசனைய நூறு மடங்கு ஆக்கின மாதிரி. கண்ணு எரிஞ்சு திறக்க முடியல, தொண்டை அடைச்சுக்கிச்சு, இருமல் நிக்கல. வெளிய ஓடி வந்தேன், சரி. ஆனா எக்ஸாஸ்ட் ஃபேன் போடலையேன்னு புடவைத் தலைப்ப மூக்குல பொத்திக்கிட்டுத் திரும்ப உள்ள போனேன், அதுதான் பெரிய தப்பு. ரெண்டாவது தடவைதான் நெஞ்சு பூட்டின மாதிரி ஆயிடுச்சு. வாசல் திண்ணையில உக்காந்துக்கிட்டு மூச்ச இழுத்து இழுத்துப் பாக்கறேன், பாதிதான் உள்ள போகுது. தெரு பூரா கோயில்ல இருக்கு, கூப்புட ஆள் இல்ல. பிள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சு, அழுதா இன்னும் மூச்சு முட்டுதுன்னு அழக்கூட முடியல. எதிர்வீட்டு அண்ணன் பைக்க எடுக்க எதேச்சையா வந்தாரு, அவருதான் தூக்கிட்டுப் போனாரு.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஆசிட்டும் பிளீச்சும் கலந்தீங்களா"ங்கறதுதான். வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வர்றாங்களாம். ரெண்டும் சேந்தா குளோரின் கேஸ் வரும், 1915ல உலகப் போர்ல எதிரிங்க மேல விட்ட அதே குளோரின்தான்னு சொன்னப்ப எனக்குக் கை நடுங்கிப் போச்சு. அந்த கேஸ் காத்த விட கனம், தாழ்வா தங்கும், பாத்ரூம் மாதிரி சின்ன மூடின இடத்துல சட்டுனு போகாது. ஆக்சிஜன் வச்சு, நெபுலைசர் குடுத்து, ராத்திரி வரைக்கும் படுக்க வச்சிருந்தாங்க, ஏன்னா உடனே நல்லா ஆன மாதிரி தெரிஞ்சாலும் சில பேருக்கு சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்குமாம். 2,400 ரூபா ஆச்சு. அதனால ஒருவேளை யாருக்காவது இப்படி ஆனா, உடனே வெளிய வாங்க, எதுக்காகவும் திரும்ப உள்ள போகாதீங்க, மேல எதையும் ஊத்தி சரி பண்ணப் பாக்காதீங்க, கண்ணுல சாதாத் தண்ணிய கால்மணி நேரம் விட்டுக் கழுவுங்க, மூச்சு முட்டினா 108க்குப் போன் போடுங்க. அமோனியா இருக்கற கிளீனரோட பிளீச் சேந்தாலும் விஷக் காத்துதான். இன்னொண்ணும் அப்பதான் தெரிஞ்சுது, காவிங்கறது தண்ணியில இருக்கற இரும்புதான், அந்த இரும்புக் கறைக்கு பிளீச் போடறதே வீண், போடப் போட அது இன்னும் கெட்டியாத்தான் ஏறும், ஏன்னா துருங்கறதே இரும்புல ஆக்சிஜன் ஏறினதுதான், பிளீச் செய்யறதும் அதே வேலை.

மறுநாள் அத்தை பாத்ரூமக் கழுவிவிட்டு வந்து ஒண்ணுமே பேசல, கோயில்ல இருந்து கொண்டுவந்த வெண்ணெய என் வாயில வச்சாங்க, அவ்ளோதான். நான் போய்ப் பாத்தா மேடை பூரா சாக்பீஸ் தடவின மாதிரி வெளிறிக் கிடக்கு. ஆசிட் வழிஞ்ச தடம் ஓரத்துல ஆறு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பள்ளமா தெரியுது. குழாயோட குரோம் புள்ளி புள்ளியா கறுத்துடுச்சு, டைல்ஸ் சந்துல இருந்த சிமெண்ட்டும் அரிச்சுப் போச்சு. வீட்டுக்காரரு வந்து பாத்து திட்டல, "உனக்கு ஒண்ணும் ஆகலயே, அது போதும்"னாரு, எனக்குத்தான் மனசு ஆறல.

அவரு கிளம்பிப் போனப்புறம் டவுன்ல விசாரிச்சு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தேன். பாத்த உடனே "கோட்டிங் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்"னு 3,500 வாங்கிட்டு ஏதோ ஒண்ண தடவிட்டுப் போனாரு. அன்னிக்கு பளபளன்னுதான் இருந்துச்சு. ஒரு மாசத்துல தண்ணி நிக்கிற இடத்துல தோல் உரியற மாதிரி சுருண்டு எழும்புச்சு, அதுக்கு அடியில அழுக்கு பூந்து முன்ன விட அசிங்கமாச்சு. போன் போட்டா எடுக்கல. இங்க நான் கத்துக்கிட்டது என்னன்னா, வர்றவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "கல்லத் தேச்சு பாலிஷ் பண்ணுவீங்களா, மேல எதையாவது பூசுவீங்களா"ன்னு. பூசறேன்னா வேணாம்னுடுங்க.

கடைசியா கும்பகோணத்துல இருக்கற என் நாத்தனார் மூலமா ஒரு பெரியவர் வந்தாரு. 40 வருஷமா மொசைக் தரை பாலிஷ் போட்டவரு. வந்தவரு மெஷினக் கூட இறக்கல, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கேட்டாரு. அத மேடையில அங்கங்க சொட்டு சொட்டா வச்சிட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காந்தாரு. சொட்ட துடைச்சதும் கீழ கல்லு கறுத்து ஈரமா தெரிஞ்சுது. "பாத்தியாம்மா, குடிக்குது. தண்ணியக் குடிக்கிற கல்லு மஞ்சளையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும்"னாரு. அப்புறம் மங்கின இடத்துல விரல வச்சுத் தடவிக் காமிச்சு, "கறைன்னா கல்லுக்குள்ள வேற ஏதோ பூந்திருக்குன்னு அர்த்தம், அத வெளிய இழுக்கலாம். இங்க கல்லே போயிருக்கு, இதுக்கு எந்த மருந்தும் கிடையாது, தேச்சுத்தான் எடுக்கணும்"னாரு. அந்த ஒரு பேச்சுலதான் எனக்கு எல்லாமே விளங்குச்சு. நான் மூணு மாசமா கல்லு போன இடத்தையும் கறை பிடிச்ச இடத்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாம இருந்திருக்கேன்.

நீங்களும் இதப் பாத்துக்கலாம். சாஞ்சு வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க, நிறம் மாறாம பளபளப்பு மட்டும் போயிருந்தா அது அரிப்பு. பளபளப்பு அப்படியே இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தா அது கறை. உங்க மேடை மார்பிளா கிரானைட்டான்னு தெரியலன்னா, பேசினுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வச்சுப் பாருங்க, பொடிப்பொடியா நுரைச்சாலோ காஞ்சதும் மங்கினாலோ மார்பிள் மாதிரி சுண்ணாம்புக்கல்லு. கிரானைட்னா ஒண்ணும் ஆகாது, அதுல உப்புக்கறைக்கு வினிகர் கொஞ்சம் தண்ணி கலந்து போட்டு உடனே கழுவிடலாம், ஆனா டாய்லெட் ஆசிட் அதுக்கும் வேணாம், பாலிஷையும் கெடுக்கும், சில கிரானைட்டுக்குள்ள இருக்கற இரும்ப துருப்பிடிக்கவும் வச்சிடும்.

பெரியவர் முதல்ல அந்தக் கோட்டிங்கச் சுரண்டி எடுத்தாரு. அப்புறம் கறைக்கு பத்துப் போட்டாரு. அடிபட்ட காலுக்கு பத்துப் போடுவோம்ல, அதேதான். மஞ்சள் திட்டுக்கு ஆப்பசோடாவும் மெடிக்கல்ல விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து, இட்லி மாவு பதத்துக்குக் குழைச்சு, கறைய விட ஒரு விரக்கடை அகலமா அரை இஞ்ச் கனத்துக்கு அப்பினாரு. மேல பிளாஸ்டிக் கவர் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் பூரா விட்டாரு. மறுநாள் கவர எடுத்துட்டு அது தானா காயட்டும்னு இன்னொரு நாள் விடச் சொன்னாரு, காயறப்பதான் உள்ள இருக்கறத மேல இழுக்குமாம், ஈரத்தோட வழிச்சிட்டா பாதி வேலைதான் ஆகும். காஞ்சு அப்பளம் மாதிரி வெடிச்சதும் பிளாஸ்டிக் கரண்டியால தூக்கினேன், கீழ பாதி மஞ்சள் காணோம். மூணு தடவை போட்டதுல சுத்தமா போயிடுச்சு. அந்தத் திட்டுல சிகப்பு ஏன் வந்துச்சுங்கறதுக்கும் அவரே காரணம் சொன்னாரு, மஞ்சள் மேல சோப்புத் தண்ணி பட்டா சிகப்பாகும், மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்தா குங்குமம் வர்ற மாதிரி. இதே பத்து மருதாணி, டீ, காபி கறைக்கும் கேக்கும். ஆனா காவிக்கும் துருவுக்கும் பெராக்சைடு கூடாது, அதுவும் பிளீச் மாதிரி இரும்ப இன்னும் ஏத்தி விட்டுடும்.

துரு வட்டத்துக்கும் காவிக்கும் அவரு வேற பொடி கொண்டு வந்திருந்தாரு, ஹைட்ரோஸ்னு சொல்லுவாங்களே, வெல்லத்த வெளுப்பாக்க கலக்குறாங்கன்னு பேப்பர்ல வருமே அது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வச்சு, என்னையும் பிள்ளைங்களையும் வெளிய இருக்கச் சொல்லிட்டுத்தான் போட்டாரு. கெட்ட நெடி வர்ற சாமான், ஆசிட் பக்கமே போகக்கூடாது, ஈரம் பட்டா சூடேறும். இத வீட்டுல நீங்களா செய்யாதீங்க, பழகின கை வேணும். வட்டம் போயிடுச்சு. குழாய்க்குக் கீழ இருந்த காவி முக்கால்வாசி போச்சு, ஆழமா இறங்கினது போகல.

உப்புப் படிவுக்கு மார்பிள்ல ஆசிட் வைத்தியமே இல்ல. வெந்நீர்ல நனைச்ச துணிய ஒரு மணி நேரம் போட்டு ஊறவச்சு, ஷேவிங் பிளேட படுக்கவச்சு மெதுவா சீவினாரு, செதில் செதிலா வந்துச்சு. குழாய் முனையில திருகுற ஜல்லடைய மட்டும் கழட்டி, சமையக்கட்டுல ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணியில போட்டு வச்சேன், மேடை பக்கமே அத கொண்டு வரல. அதுக்கப்புறம்தான் மெஷின்ல டைமண்ட் பேடு மாட்டி, சொரசொரப்பு நம்பர் 400ல ஆரம்பிச்சு 800, 1500, 3000னு நைசாக்கிக்கிட்டே தேச்சு, கடைசியா பவுடர் பாலிஷ். கல்லு நல்லா காய ரெண்டு நாள் விட்டுட்டு சீலர் தடவினாரு, அது கோட்டிங் மாதிரி மேல தோலா நிக்காது, கல்லுக்குள்ள இறங்கிடும். சீலர் கறை இறங்கறதத்தான் தடுக்கும், புளியோ எலுமிச்சையோ பட்டா அரிக்கறத தடுக்காதுன்னு அவரே ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாரு. அதான் எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்ததுக்குக் காரணம். கூலி, சாமான் எல்லாம் சேத்து 4,500.

கணக்குப் போட்டுப் பாத்தேன். வாங்கிக் குவிச்ச கிளீனருங்க 1,200, ஆஸ்பத்திரி 2,400, கோட்டிங் 3,500, புதுக் குழாய் 1,850, பெரியவருக்கு 4,500. மொத்தம் 13,450 ரூபா. 9,000 ரூபா கல்லுக்கு. வீட்டுக்காரரு அங்க வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு, நினைக்கறப்ப எல்லாம் வயிறு எரியுது. முதல் நாளே பெரியவர் மாதிரி ஒருத்தரக் கூப்டிருந்தா 4,500ல முடிஞ்சிருக்கும்.

தண்ணிய சரி பண்ணாம கல்ல மட்டும் சரி பண்ணா திரும்ப காவி ஏறத்தான் செய்யும், அதனால அதையும் பாத்தேன். இரும்புத் தண்ணிக்கு காத்து பட்டாத்தான் இரும்பு பிரிஞ்சு அடியில படியும். முன்னாடி போர்ல இருந்து நேரா மாடித் தொட்டிக்கு ஏத்துவோம். இப்ப சாயங்காலம் கீழ சம்ப்புல விடுறேன், பைப் முனையில ஓட்டை போட்டு ஷவர் மாதிரி விழ வச்சிருக்கு. ராத்திரி பூரா தெளிய விட்டு காலைல மேல ஏத்துறேன், மோட்டாரோட ஃபுட்வால்வ, அதாவது தண்ணிய உறிஞ்சற முனைய, தரையில இருந்து முக்காலடி தூக்கி வச்சாச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சம்ப்பக் கழுவறப்ப அடியில விரல் கனத்துக்கு செஞ்சேறு இருக்கு, இதெல்லாம் முன்னாடி என் மேடையிலயும் பாத்திரத்துலயும் படிஞ்சதுதானேன்னு பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். உப்ப இது எடுக்காது. அதுக்கு ஒரே வழி, தண்ணிய மேடையில காய விடாம துடைக்கறதுதான். பழைய காட்டன் வேட்டியக் கிழிச்சு குழாய்க்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன், பிள்ளைங்க கூட பல்லு விளக்கிட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் வருதுங்க. வாரம் ஒரு தடவை பாத்திரம் விளக்குற லிக்விட் ரெண்டு சொட்டு தண்ணியில கலந்து மெத்துன்னு துணியில துடைக்கறேன், வேற எதுவும் அந்தக் கல்லு மேல போறதில்ல. இரும்பு நாரையும் பாத்ரூம்ல இருந்தே எடுத்துட்டேன், அதோட துணுக்கு ஒண்ணு ஈரத்துல கிடந்தாலே துருப்புள்ளி வந்துடும். அத்தைக்கு மஞ்சள் வைக்க ஒரு சின்னப் பீங்கான் தட்டு. லேபிள் இல்லாத பாட்டில் எதுவும் இப்ப வீட்டுக்குள்ள வர்றதில்ல.

குழாய்க்குக் கீழ அந்த வெளிறின காவி மட்டும் இன்னும் இருக்கு, ஒரு எட்டணா அளவுக்கு. இன்னொரு தடவை பத்துப் போட்டா போகலாம்னு பெரியவர் சொன்னாரு. நான்தான் போதும்னுட்டேன்.